முகாமில் சேர்த்த பெயர்

பிப்ரவரி 9, ஞாயிறு

கள்ளிக்குப்பத்தில், நான் குடியிருக்கும் தெருவிலேயே, இலவச இதய முகாம். எங்கள் கரையான்சாவடி ஆஸ்பத்திரி நடத்தியது. முகாமிலிருந்து முப்பது பேராவது ஆஸ்பத்திரிக்கு வந்தாக வேண்டும் என்று மேனேஜர் வெங்கட் சொல்லியிருந்தார். மதியம் வரை இருபத்தெட்டுதான் தேறியது. எதிர்வீட்டுத் துலுக்கானம் லோடு ஆட்டோவைத் துடைத்துக்கொண்டிருந்தான். கூப்பிட்டேன்.

"எனக்கு இன்னாண்ணா, நல்லாத்தான் கீறேன். கேஸ் புடிச்சுகினா நெஞ்சை அடைக்கும். அவ்ளோதான்."

'நெஞ்சு வலி' என்று எழுதிக்கொண்டேன். வயது 46.

அரசு காப்பீட்டு அட்டை இருக்கிறதா என்று முதலில் கேட்டேன். உடம்பைப் பற்றி அப்புறம்தான் கேட்டேன். எல்லோரிடமும் அப்படித்தான்.

பிப்ரவரி 11, செவ்வாய்

இன்று நடந்ததை எழுதி வைக்கிறேன்.

துலுக்கானத்துக்கு ஆஞ்சியோ எடுத்தார்கள். அட்டையில் ஸ்டென்ட் வைக்க வேண்டுமானால் அடைப்பு தெரிகிற படத்தைக் கம்ப்யூட்டரில் ஏற்றி அனுமதி வாங்க வேண்டும். ஏற்றுவது என் வேலை. உள்ளேயிருந்து படம் வந்தது. எண்பது சதவீத அடைப்பு. பார்த்ததுமே எங்கேயோ பார்த்த படம் என்று தோன்றியது. போன வாரக் கோப்புகளைத் திறந்து பார்த்தேன். திருமழிசை அம்மா ஒருத்தருக்கு நான் ஏற்றிய அதே படம். பெயர் மட்டும் வேறு.

வெங்கட்டிடம் காட்டினேன். சிரிக்கவும் இல்லை, கோபப்படவும் இல்லை. "நம்ம பிரிண்ட் சரியா வரல ரகு சார். டாக்டர் பாத்துட்டாரு. நீங்க ஏத்துங்க" என்றார்.

ஏற்றினேன். ஒரு மணி நேரத்தில் அனுமதி வந்துவிட்டது.

ஐம்பத்து மூன்று வயதில் இந்த வேலையை விட்டால் எங்கே போவேன்? — டாக்டர் பார்த்திருப்பார். எனக்கென்ன தெரியும் அதில்?

பிப்ரவரி 12

ஸ்டென்ட் வைத்துவிட்டார்கள். துலுக்கானத்தின் மனைவி பார்வதம் என் இரண்டு கையையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

பிப்ரவரி 15, சனி

உஸ்மான் கனிக்கு எங்கள் ஆஸ்பத்திரியில் டயாலிசிஸ் நாள். அம்பத்தூர் எஸ்டேட் கம்பெனியில் பதினெட்டு வருஷம் பக்கத்துப் பக்கத்து லேத்தில் நின்றோம். கம்பெனியை மூடினார்கள், எனக்கு இந்த வேலை கிடைத்தது, அவனுக்குக் கிட்னி போனது. வாரம் மூன்று நாள், எல்லாம் அட்டையில்.

மெஷினில் படுத்துக்கொண்டே பேசினான். "ஈஎஸ்ஐ ஆஸ்பத்திரிக்கு டாக்டர் வேணும்னு கம்பெனி கேட்டாண்ட உக்காந்தோமே, ஞாபகம் கீதா? அன்னிக்கே கவர்மெண்ட்டு தன் ஆஸ்பத்திரில மெஷின் வாங்கிப் போட்டிருந்தா நான் ஏன் இங்க படுத்துனு கீறேன்? ஜனங்க காசை எடுத்து இவனுங்க கைல குடுத்துட்டு, நீயே ஊர் மேல போய் ஆள் புடின்னு உட்டுட்டாங்க."

"அந்த அட்டை இல்லன்னா நீ இருந்திருப்பியாடா?"

"இருந்திருக்க மாட்டேன். அத்தத்தான் சொல்றேன். என் உசுரு இவனுங்க கைல கீது."

ஆள் பிடிப்பவன் நான்தான் என்பது அவனுக்குத் தெரியும். படத்தைப் பற்றி அவனிடம் சொல்லவில்லை.

மார்ச் 20

துலுக்கானத்தைத் தெருமுனையில் பார்த்தேன். முகம் வெளுத்திருந்தது. "அந்த மாத்திரை போட்டா வவுறு எரியுதுண்ணா." ரத்தம் உறையாமலிருக்க இரண்டு மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். நிறுத்திவிடாதே, ஸ்டென்ட் அடைத்துக்கொள்ளும் என்றேன். சரிண்ணா என்றான்.

ஏப்ரல் 3, வியாழன்

துலுக்கானம் போய்விட்டான்.

ஆவடியில் சரக்கு இறக்கும்போது ரத்தமாக வாந்தி எடுத்திருக்கிறான். பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். நானும் ஓடினேன். வயிற்றில் புண், அதிலிருந்து நாள்கணக்கில் ரத்தம் கசிந்திருக்கிறது, உறையவிடாத மாத்திரையால் அது நிற்காமல் போயிற்று என்றார் டாக்டரம்மா. "எவ்வளவு அடைப்புன்னு ஸ்டென்ட் வெச்சாங்க? ஆஞ்சியோ சிடி இருக்கா?" என்று கேட்டார். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

பத்து நாளாக மலம் கறுப்பாகப் போனதாம், டாக்டரம்மாவிடம்தான் சொல்லியிருக்கிறான். பார்வதத்திடம்கூடச் சொல்லவில்லை.

வவுறு எரியுதுன்னு சொன்னானே. எங்கிட்ட சொன்னானே. நிறுத்தாதன்னு சொன்னது நான்தானே —

ஏப்ரல் 17

ரெக்கார்டு அறையில் சிடி இருந்தது. சட்டைக்குள் வைத்து எடுத்து வந்தேன். நேராகப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய் அந்த டாக்டரம்மாவிடம் காட்டினேன். இரண்டு முறை ஓடவிட்டுப் பார்த்தார். "ரத்தக் குழாய் சுத்தமா இருக்கு. இவருக்கு எதுவுமே வெச்சிருக்க வேணாம்" என்றார். பிறகு, "நீங்க இவருக்கு என்ன வேணும்?" என்று கேட்டார்.

எதிர்வீடு என்றேன்.

ஏப்ரல் 19, சனி

உஸ்மானிடம் எல்லாவற்றையும் சொன்னேன். புகார் போனால் ஆஸ்பத்திரியைக் காப்பீட்டுத் திட்டத்திலிருந்து எடுத்துவிடுவார்கள். அப்போது அட்டையில் டயாலிசிஸும் கிடையாது. என்ன செய்யட்டும் என்றேன்.

குழாயில் ரத்தம் ஓடுவதைப் பார்த்தான்.

"எங்கிட்ட ஏன் கேக்குற ரகு? நான் வேணாம்னு சொல்லணும்னு பாக்குறியா?"

போர்வையை இழுத்து அவன் காலை மூடினேன்.

"எழுது. நான் தடுத்தேன்னு எங்கயும் சொல்லிகினு திரியாத."

ஏப்ரல் 20

பார்வதத்திடம் சிடியைக் கொடுத்தேன். படம் மாற்றி ஏற்றியதையும் சொன்னேன். அழுவாள், அடிப்பாள் என்று நினைத்தேன். "நீங்கதானண்ணா வந்து கூட்டிகினு போனீங்க" என்றாள். அவ்வளவுதான். பிறகு, எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று கேட்டாள்.

படத்தை ஏற்றியது நான் என்று புகாரில் என் கைப்பட எழுதினேன். கீழே இருவரும் கையெழுத்துப் போட்டோம்.

மே 28

அதிகாரிகள் மூன்று பேர் வந்து கம்ப்யூட்டரைப் பார்த்தார்கள். அதே படம் பதினொரு பேருக்கு.

பதினொன்றும் நான் ஏற்றியது. ஒன்றில்தான் கண்டுபிடித்தேன்.

மாலையில் வெங்கட் என் அறைச் சாவியை வாங்கிக்கொண்டு, நாளை முதல் வர வேண்டாம் என்றார். "ஜெயிலுக்குள்ள போனா நீங்களும்தான் சார் வரணும். பாத்துக்குங்க."

ஜூன் 12

ஆஸ்பத்திரிக்குத் திட்டத்திலிருந்து ஆறு மாதம் இடைநீக்கம். உத்தரவின் நகலைப் பார்வதம் என்னிடம் படிக்கச் சொன்னாள். 'ஆவணக் குறைபாடுகள்' என்று இருக்கிறது. துலுக்கானத்தின் பெயர் ஓர் இடத்திலும் இல்லை. மறுபடி படிக்கச் சொன்னாள். படித்தேன். காகிதத்தை வாங்கிக்கொண்டு கதவைச் சாத்தினாள்.

ஜூலை 8

அரசு ஆஸ்பத்திரியில் உஸ்மானுக்கு வாரம் இரண்டு முறைதான் இடம் கிடைத்திருக்கிறது. நர்ஸ் நல்லவள்தான், ஆனால் இல்லாத மெஷினை அவளால் உண்டாக்க முடியாது. முதல் பஸ்ஸில் நான் கூடப் போகிறேன். இறங்கும்போது அவன் கால் வீங்கி, செருப்பு பிய்கிறாற்போல் இருக்கிறது.

ஆகஸ்ட் 30

மூச்சுத் திணறல். நுரையீரலில் நீர். நான்கு நாள் வார்டில் இருந்தான். அவன் மனைவி அஷ்ரஃபுன்னிசா என்னிடம் தண்ணீர் வாங்கிவரச் சொன்னார், வந்ததும் காசை எண்ணிக் கையில் வைத்தார்.

புகார் எழுதியிருக்க வேண்டாமோ? அப்படியென்றால் பன்னிரண்டாவது ஆளுக்கு? தெரியவில்லை. எனக்குத் தெரியவே இல்லை.

நவம்பர் 5

பார்வதம் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் கூட்டிப் பெருக்கும் வேலைக்குப் போகிறாள். காலையில் ஒரே பஸ் நிறுத்தத்தில் நிற்கிறோம். அவள் அந்தப் பக்கம் திரும்பி நின்றுகொள்கிறாள்.

டிசம்பர் 16, செவ்வாய்

ஆறு மாதம் முடிந்துவிட்டது. ஆஸ்பத்திரியில் மறுபடியும் அட்டை செல்லும்.

உஸ்மானை அங்கேதான் கூட்டிப்போனேன். போன வாரமே அவன் கேட்டுவிட்டான்: "மூணு நாள் வேணும் ரகு. ரெண்டு நாள் பத்தல." ரோஷம் பார்க்க அவன் உடம்பில் இடமில்லை. செக்யூரிட்டி என்னை கேட்டிலேயே நிறுத்தினான். தெரிந்த ஆள்தான், முகத்தைப் பார்க்காமல் நிறுத்தினான். எதிரிலிருந்த டீக்கடையில் உட்கார்ந்தேன். வேன் ஒன்று வந்து நின்று, ஏழெட்டுப் பேர் இறங்கினார்கள். எல்லோர் கையிலும் அட்டை. எழுந்து போய் ஒரு பெரியவரை நிறுத்தினேன்.

"நெஞ்சு வலியா ஐயா?"

"இல்லபா. முட்டிதான் வலி. சும்மா பாக்குறாங்கோன்னு இட்டுனு வந்தாங்கோ."

முதலில் பெரிய ஆஸ்பத்திரியில் காட்டுங்கள் என்று சொல்வதற்குள் செக்யூரிட்டி வந்து அவரை உள்ளே அழைத்துப் போய்விட்டான்.

நான்கு மணி நேரம் கழித்து உஸ்மான் வந்தான். முகத்தில் வீக்கம் வடிந்திருந்தது. ஆறு மாதத்தில் அவனை இப்படிப் பார்க்கவில்லை. என் தோளில் கை போட்டு ரோட்டைக் கடந்தான்.

"உன் சீட்ல ஒரு பொண்ணு உக்காந்துனு கீது. மரியாதையா பேசுது. அட்டையை வாங்கிகினு, 'நெஞ்சு வலி இருக்குமே பாய்'ன்னு கேட்டுச்சு. இல்லம்மான்னேன். மறுக்கா கேட்டுச்சு."

"நீ?"

"மறுக்காவும் இல்லன்னேன்."

பஸ் வர நேரமாயிற்று. நின்றுகொண்டே இருந்தோம்.

"வியாழக்கிழமை வருவல்ல?" என்றான்.

வருகிறேன் என்றேன்.