பியர் ஸ்பிரே விவகாரம்

திருத்தணி,
செவ்வாய்க்கிழமை

என் செல்ல மகள் அபிகாயிலுக்கு அம்மா ஆசீர்வாதத்தோடு எழுதுவது. ஆண்டவர் கிருபையில் நானும் நைனாவும் சுகமாக இருக்கிறோம், என் முழங்கால் வலியும் என்னோடு சுகமாகவே இருக்கிறது. நீ கால்கரியில் வேளாவேளைக்குச் சாப்பிட்டு உடம்பைப் பார்த்துக்கொள்கிறாய் என்று நம்புகிறேன். போன் இருக்கும்போது எதற்கம்மா கடிதம் என்று சிரிப்பாய். போனில் நான் வாயைத் திறந்தாலே சரிம்மா சரிம்மா என்று வைத்துவிடுகிறாய், காகிதத்தை அப்படிப் பாதியில் வைக்க முடியாது பார். அதோடு இந்தச் சமாசாரத்தை நைனா காதுபட போனில் சொல்லவும் முடியாது. பக்கத்து வீட்டுப் பாஞ்சாலி அக்காவின் மருமகன் ஸ்ரீதர் உன் ஊருக்கே வருகிறார், அவர் கையில் கொடுத்தனுப்புகிறேன், நீ மலைக்குக் கிளம்புவதற்குள் கிடைத்துவிடும்.

இங்கே ஆடிக் கிருத்திகை முடிந்து இப்போதுதான் ஊர் மூச்சு விடுகிறது. காவடிக் கூட்டத்தில் நம் தெருவுக்குள் ஆட்டோகூட நுழையவில்லை, சர்ச்சுக்கு நடந்தே போய் வந்தோம். வழக்கம்போல பாஞ்சாலி அக்காவோடு சேர்ந்து வாசலில் நீர்மோர் கொடுத்தேன். மலைக் குரங்குகள் வெடிச் சத்தத்துக்குப் பயந்து தெருவுக்குள் இறங்கிவிட்டன, மாடியில் காயவைத்த வடகம் ஒன்றுகூட மிஞ்சவில்லை.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். கொஞ்ச நாளாக நீ கூப்பிட்டால் நைனா போன் பக்கமே வருவதில்லை. நீ நண்பர்களோடு காட்டில் போய்க் கூடாரம் போட்டுத் தங்குவது அவருக்குப் பிடிக்கவில்லை, அதனால்தான் கோபம் என்று நினைத்து அழுதாய். நைனாகிட்ட பேசாம மலைக்குப் போக மனசு வரலம்மா என்றாய். அது இல்லைடி. சொன்னால் சிரிக்கக் கூடாது. குடும்ப குரூப்பில் டென்ட் ரெடி, பை ரெடி, பியர் ஸ்பிரே ரெடி என்று தமிழில் அடித்துப் போட்டாயே, அதில் பிடித்தது சனியன். உன் நைனா கே.ஜி.கண்டிகை வழி பஸ்ஸில் காலமெல்லாம் கண்டக்டராக இருந்து, குடித்துவிட்டு ஏறுகிறவனை எல்லாம் நடுரோட்டில் இறக்கிவிட்ட மனுஷன். பெற்ற மகள் காட்டுக்குப் பியர் கொண்டுபோகிறாள், அதைக் கூச்சமில்லாமல் குரூப்பிலும் போடுகிறாள் என்று எடுத்துக்கொண்டார். ஸ்பிரே என்றால் என்னங்க என்று கேட்டேன், அந்த ஊர்ல அதையும் சென்ட் மாதிரி வாய்ல அடிச்சிக்குவாங்க போல என்றார். நானும் நம்பினேன், எனக்கு மட்டும் என்ன தெரியும். அவளையே கேட்டுவிடுகிறேன் என்று போனை எடுத்தால் பிடுங்கிக்கொண்டார். “கேக்காதே. அவ வாயால ஆங்னு சொல்லிட்டா அப்புறம் நான் என்ன பண்றது” என்றார். அதற்குமேல் எனக்கும் கேட்க தைரியம் வரவில்லை.

ஆனால் என் வாய் சும்மா இருக்குமா. பெண்கள் ஐக்கியக் கூட்டத்தில் பேர் சொல்லாமல், தூர தேசத்தில் ஒரு மகள், அவள் குடியிலிருந்து விடுபட ஜெபியுங்கள் என்று கேட்டுவிட்டேன். நம் சபையில் தூர தேசத்தில் இருக்கிற மகள் நீ ஒருத்திதான் என்பது வீட்டுக்கு வந்த பிறகுதான் உறைத்தது. எல்லோரும் என்னை அப்படி ஆறுதலாகப் பார்த்தபோதே எனக்குப் புரிந்திருக்க வேண்டும்.

போன வாரம் உன் சாம் மாமா கனகம்மாசத்திரத்திலிருந்து வந்தான். நைனா முகத்தைப் பார்த்துவிட்டு என்ன ஏது என்று துருவி, போனை வாங்கிப் படித்தவன் தரையில் உட்கார்ந்து சிரித்தான். “பாவா, இது குடிக்கிற பியர் இல்ல பாவா, கரடி. இங்கிலீசுல கரடிக்கும் பியர்னுதான் பேரு” என்று சொல்லி ஒரு வீடியோவும் போட்டுக் காட்டினான். யானைக்குட்டி அளவுக்கு ஒரு கரடி பாய்ந்து வருகிறது, ஒரு ஆள் டப்பாவை நீட்டிப் புகை மாதிரி எதையோ அடிக்கிறார், அது திரும்பி ஓடுகிறது. நைனாவுக்குக் கோபம் போன இடத்தில் பயம் வந்து உட்கார்ந்துகொண்டது. அது பியராவே இருந்து தொலைஞ்சிருக்கலாம் சாம் என்றார். நானும் அடுத்த கூட்டத்தில் எழுந்து நின்று, மன்னிக்க வேண்டும், குடி இல்லை, கரடி என்று திருத்திச் சொன்னேன். பாஸ்டரம்மா கண்ணை மூடிக்கொண்டே சிரித்துவிட்டார், ஆனாலும் கரடி உன் கண்ணில் படக் கூடாது என்று உருக்கமாக ஜெபித்தார்.

அந்த டப்பாவில் இருப்பது மிளகாய்க் காரம்தானாமே. கொசு மருந்து போலக் கைகாலில் பூசிக்கொள்வது என்று நான் நினைத்திருந்தேன், ஐயோ அக்கா அவகிட்ட அப்படி சொல்லி வைக்காதே என்று சாம் பதறினான். உனக்குத் தெரிந்திருக்கும், இருந்தாலும் அம்மா சொல்கிறேன், உடம்பிலும் அடிக்காதே, கூடாரத்திலும் அடிக்காதே. பையின் அடியில் துணிக்குள் வைக்காதே, நீ எதையும் அடியில் திணித்துவிட்டு எல்லாவற்றையும் கொட்டித் தேடுகிறவள். இடுப்பில் கைக்கெட்டுகிற மாதிரி மாட்டிக்கொள். டப்பாவில் தேதி தாண்டிவிட்டதா பார். காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று கவனி, நான் வரமிளகாய் வறுத்தாலே தும்மிக்கொண்டு வாசலுக்கு ஓடுகிறவள் நீ. நண்பர்களை விட்டு ஒதுங்காதே, சத்தமாகப் பேசிக்கொண்டே நட, அது உனக்குக் கஷ்டமில்லை. சாப்பாடு எதையும் கூடாரத்துக்குள் வைத்துக்கொண்டு தூங்காதே, என் ஊறுகாயைச் சுத்தமாக வீட்டிலேயே விட்டுவிட்டுப் போ.

நைனா விஷயம்தான் பாக்கி. எல்லாம் தெரிந்த பிறகும் ஏன் பேசவில்லை என்று கேட்பாய். இப்போது கோபம் இல்லை, வெட்கம். என் பொண்ணையே சந்தேகப்பட்டுட்டேன், இனிமே என்ன மூஞ்சிய வச்சிக்கினு பேசறது என்கிறார். உன் போன் மணி அடித்தால் குரங்கு விரட்டுகிறேன் என்று மாடிக்கு ஏறிவிடுகிறார், மாடியில் குரங்கே இல்லை. அவளைப் போகாதே என்று எழுது என்று நேற்று முழுக்க என்னை நச்சரித்தார். நான் எழுத மாட்டேன், உங்கள் மகள், வேண்டுமானால் நீங்களே எழுதுங்கள் என்று சொல்லிவிட்டேன். கீழே கொஞ்சம் இடம் விட்டு, நான் எழுதியது தெரியாதபடி மடித்துக் காகிதத்தை அவர் முன்னால் வைக்கப் போகிறேன். வெறும் இடமாக வந்து சேர்ந்தால் அதை மனசில் வைத்துக்கொள்ளாதே, எனக்கும் வருத்தமாகத்தான் இருக்கும்.

ஸ்ரீதரிடம் எள்ளுருண்டை கொடுத்திருக்கிறேன், உடனே போய் வாங்கிக்கொள், அவருக்கும் எள்ளுருண்டை பிடிக்கும். ஆண்டவர் அந்தக் காட்டிலும் உன் கூடவே இருந்து, ஒரு கீறல் இல்லாமல் உன்னைக் கீழே இறக்கிக் கொண்டுவரட்டும்.

உன்னையே நினைத்துக்கொண்டிருக்கும் அம்மா,
பிரேமகுமாரி

அபி, நைனா எழுதறேன். போகாதேன்னு எழுதத்தான் பேனாவ எடுத்தேன். கை வரல. ஜாக்கிரதையா போய்ட்டு வா. மலைய விட்டு எறங்கி சிக்னல் வந்ததும் மொதல் போன் எனக்குப் பண்ணு, அம்மாவுக்கு நான் சொல்லிக்கிறேன். எடுப்பேன்.