சங்கம் போர்த்திய பொன்னாடை

3 ஜூன், செவ்வாய்

பட்டு உற்பத்தியாளர் சங்கத்தின் மனநல ஆலோசனை மையம் இன்று திறக்கப்பட்டது. ஜரிகைப் பெட்டிகள் அடுக்கியிருந்த அறை, இனி செவ்வாய்தோறும் எனக்கு. பேனரில் தலையைப் பிடித்துக்கொண்டு ஒரு வெள்ளைக்காரி. ஆரணியில் யாருக்கும் தலைவலி இல்லை போல. நெசவாளர்களுக்கு மனஅழுத்தம் அதிகம் என்று மேடையில் எல்லா முதலாளிகளும் வருத்தப்பட்டார்கள். யாரால் என்று ஒருவரும் சொல்லவில்லை.

செயலாளர் வீரபாகு கேட்டார்: "மேடம், மாசத்துக்கு எத்தன பேர குணப்படுத்தித் தருவீங்க?"

சேலை கேட்கிற மாதிரியே. இதற்குத்தான் உளவியலில் எம்.ஃபில். படித்தேனா?

10 ஜூன்

ஒருவரும் வரவில்லை. டீ மட்டும் வந்தது.

17 ஜூன்

முதல் ஆள். முள்ளிப்பட்டு நெசவாளர் தசரதன். கூட்டிவந்தவர் மனைவி சூர்யகலா.

"தூங்கறதே இல்லீங்க. தறியில குந்திகினு சும்மா பாத்துகினே இருக்காரு. செத்துப்பூடலாமான்னு கேக்கறாரு."

தசரதன் தரையையே பார்த்தார். கடைசியில், "அடுத்த வாரமும் வரலாமாங்க?" என்றார். அந்த ஒரு கேள்வி போதும் எனக்கு. மாத்திரைக்கு அரசு மருத்துவமனை டாக்டருக்குச் சீட்டு எழுதிக் கொடுத்தேன்.

கதவைத் திறந்தால் வீரபாகு, கையில் பொன்னாடையோடு. "நம்ம மையத்தோட முதல் பயனாளி!" நான் குறுக்கே போவதற்குள் போர்த்தி, படம் எடுத்து, சங்கத்து வாட்ஸப் குழுவிலும் போட்டாயிற்று. வைத்தியத்துக்கு வந்தவருக்கு மரியாதை செய்கிறார்களாம்.

பொன்னாடை பாலியஸ்டர். பட்டு சங்கம்.

20 ஜூன்

சூர்யகலா போன் செய்தார். தசரதனுக்குப் பாவு நூலும் ஜரிகையும் கொடுத்து நெய்யவைக்கும் முதலாளி சம்பந்தம், குழுவில் அந்தப் படத்தைப் பார்த்திருக்கிறார். அடுத்த பாவு கிடையாது. "புத்தி சரியில்லாதவன் கையில ஜரிகைய எப்படிம்மா நம்பிக் குடுக்கறது" என்றாராம்.

வீரபாகுவிடம் போனேன். "அது அவங்க வியாபாரம் மேடம். சங்கம் தலையிட முடியாது." பட்டு நூல் விலை ஏறினால் கடையடைப்பு நடத்துகிற சங்கம்.

24 ஜூன்

தசரதன் வரவில்லை. போனையும் எடுக்கவில்லை. மாத்திரை சாப்பிடுகிறாரா? வெறும் தறி முன்னால் உட்கார்ந்துகினு என்ன யோசிச்சிகினு இருக்காரோ. வீட்டுக்குப் போகலாமா? போனால் தெருவே பார்க்கும், அதுவும் இன்னொரு பொன்னாடைதான். ஆனால் அந்த ஆள் செத்துத் தொலைச்சா—

மாலை சூர்யகலாவே கூப்பிட்டார். மாத்திரை சாப்பிடுகிறாராம். வெளியே தலைகாட்டத்தான் வெட்கமாம்.

28 ஜூன்

சங்க நிர்வாகக் குழுக் கூட்டம். மையத்தைப் பார்த்து விருது கொடுக்க அடுத்த மாதம் சென்னையிலிருந்து அதிகாரிகள் வருகிறார்கள். நான் மேடையில் பேசவேண்டுமாம்.

"பேசறேன். முதல் பயனாளிக்கு என்ன ஆச்சுன்னு பேசறேன்" என்றேன்.

வீரபாகு அவசரமாக எல்லோருக்கும் டீ சொன்னார்.

சங்கத்தால் ஆகிற உருப்படியான வேலை ஒன்றே ஒன்று: வைத்தியத்துக்கு வருகிறவருக்குப் பாவு கொடுப்பதை நிறுத்தக் கூடாது என்று முதலாளிகளுக்குச் சொல்வது. அதையே தீர்மானமாகக் கேட்டேன். படமும் கூடாது, பொன்னாடையும் கூடாது.

"பொன்னாட கூடவா மேடம்?" வீரபாகுவுக்கு அதுதான் நிஜமாகவே வலித்தது.

தீர்மானம் நிறைவேறியது. தசரதனுக்காக அல்ல, விருதுக்காக. போகட்டும்.

1 ஜூலை

சம்பந்தம் பாவு கொடுத்துவிட்டார். முகத்தைத் திருப்பிக்கொண்டுதான். தசரதன் வந்தார்.

22 ஜூலை

விருது வந்துவிட்டது. கண்ணாடியில் ஏதோ பறவை.

தசரதன் ராத்திரியில் தூங்குகிறாராம். பாதிச் சேலை நெய்தாயிற்றாம். பொன்னாடையைத் தூசி விழாமல் தறிமேல் போட்டுவைத்திருக்கிறார்கள். "அதுக்காவது ஆவுதுங்க" என்று சிரித்தார். அவர் சிரித்து இன்றுதான் பார்த்தேன்.

மாலை ஒரு போன். குரலை அமுக்கிக்கொண்டு சம்பந்தம். "நமக்குத் தெரிஞ்ச ஒருத்தருக்கும்மா. ராத்திரியில தூக்கமே இல்ல. உங்க ரூமுக்குப் பின்பக்கமா வழி இருக்குதா?"

"முன்பக்கம் மட்டும்தாங்க" என்றேன். "ஆனா இப்பல்லாம் பொன்னாடை போர்த்தறதில்ல."

செவ்வாய்க்கிழமை எத்தனை மணிக்கு என்று கேட்டார்.