புரியவில்லை என்று கை தூக்கியவன்

1986 பிப்ரவரி 11
டேப்ரெக்கார்டரோடு பட்டணத்துக்காரர் ஒருவர் வந்தாராம். நாங்கள் பேசும் நாவாத் மொழியில் இந்த ஊருடையது எந்த வகை, பக்கத்து ஊர்ப் பேச்சு புரிகிறதா என்று கூட்டத்தில் கேட்டு எழுதிக்கொண்டு போனாராம். எனக்குச் சோளம் அரைக்கும் வேலை, போகவில்லை. பக்கத்து ஊர் தெகோல்கோதான் நான் பிறந்த ஊர்.

பிப்ரவரி 12
ரத்தம் கொதிக்கிறது. தெகோல்கோக்காரர்கள் பேசிய டேப்பைப் போட்டதும் ஒருவர் விடாமல் “ஒண்ணும் புரியலைங்க” என்றார்களாம். இரண்டு ஊருக்கும் உள்ள ஊற்றுத் தண்ணீர்ச் சண்டையின் வன்மம். கொழுந்தன் அபுந்தியோ சிரித்துக்கொண்டே சொல்கிறான்.

“உங்க ஊர்க்காரங்க மூஞ்சியில கரியப் பூசிட்டோம், மதினி.”

“உங்க அண்ணன் என்ன சொன்னாரு?”

“அண்ணன்தான் முதல்ல கையத் தூக்குச்சு.”

இலாரியோ! பதினெட்டு வருஷம் என்னோடு குடித்தனம் நடத்தியவன். நாங்கள் ‘த்’ என்று முடிப்பதை இவர்கள் ‘த்ல்’ என்று இழுப்பார்கள், அவ்வளவுதான். நான் கருவுற்றதைச் சொன்னபோது எந்த மொழியில் புரிந்தது உனக்கு?

பிப்ரவரி 13
புரியாதவனிடம் என்ன பேச்சு? பேசவில்லை.

மார்ச் 2
“உப்பு எங்க வச்ச?” என்றான். பேசவில்லை.

ஜூன் 3
கல்வி அலுவலகத்துக் கடிதம். டேப்காரர் எழுதிப் போனதை வைத்துப் போட்ட புதிய மொழிப் பட்டியலில் இந்த ஊர் ஒரு வகை, என் ஊர் வேறு வகை. பாலர் பள்ளியில் அந்தந்த வகை பேசுபவர்தான் ஆசிரியை. தெகோல்கோவில் இடமில்லை; என் வகை பேசும் வேறோர் ஊருக்கு, ஆறு மணி நேரப் பேருந்துத் தூரத்துக்கு எனக்கு மாற்றல். பதினோரு வருஷமாக இந்த ஊர்ப் பிள்ளைகளுக்கு மூக்குத் துடைத்து எழுத்துச் சொல்லித் தந்தவள் நான். அவர்களுக்கு நான் புரியாதவளாம். நல்லா இருங்கடா.

இலாரியோ கடிதத்தை இரண்டு தரம் படித்தான். “தண்ணிக்காகத்தானே சொன்னோம்... இப்படி ஆகும்னு யாரு கண்டா.” பாவி.

ஜூன் 24
பட்டணத்துக்குப் போய் டேப்காரரைக் கூட்டி வந்துவிட்டான். கூட்டத்துக்கு நானும் போனேன். தெகோல்கோக்காரி ஒருத்தி வான்கோழியைப் பறிகொடுத்த கதை டேப்பில் ஓடியது. இலாரியோ எழுந்து, வரி விடாமல் திருப்பிச் சொன்னான். “அன்னைக்குப் பொய் சொன்னோம்” என்றான். மற்றவர்கள் வாயைத் திறக்கவில்லை. ஊரைக் காட்டிக் கொடுத்ததற்காக அவன் பத்து நாள் தனியாக வாய்க்கால் தூர்வார வேண்டுமாம், ஊர்த் தண்டனை.

டேப்காரர் கையை விரித்தார். “பட்டியல் அச்சாயிடுச்சு. ஒருத்தர் சொல்றத வச்சு மாத்த முடியாது.”

ஆகஸ்ட் 30
பேருந்தில் எழுதுகிறேன். இலாரியோவும் அபுந்தியோவும் பெட்டிகளை ஏற்றிவிட்டார்கள். பேருந்து உறுமியதும் ஜன்னல் வழியாக ஆரம்பித்தேன், ஆறு மாதத்துத் திட்டையும் சேர்த்து, சுத்தமான தெகோல்கோப் பேச்சில். இலாரியோ ஒவ்வொன்றுக்கும் தலையாட்டிக்கொண்டு நின்றான், கண் கலங்கியிருந்தது. பிறகு அபுந்தியோவின் பக்கம் திரும்பினேன். இரண்டாவது வார்த்தையிலேயே அவனுக்கு முகம் சிவந்துவிட்டது.