சாக்ஸுக்குள் ஒளித்த கறிவேப்பிலைச் செடி

ரிச்சர்ட்ஸ் டவுன், பெங்களூரு
வியாழக்கிழமை

அன்பு மகள் ஆஞ்சலாவுக்கு,

உன் சித்தப்பா ஓஸ்வால்ட் எழுதுவது. கர்த்தருடைய கிருபையால் நானும் உன் சித்தி டோரதியும் நலம், எங்களைவிட எங்கள் தோட்டத்து நத்தைகள் பரம நலம். அங்கே கங்காரு தேசத்து மில்டூராவில் ஆரஞ்சுத் தோப்புகளுக்கு நடுவே நீயும் மாப்பிள்ளையும் சுகமாக இருக்க தினமும் ஜெபிக்கிறோம். முக்கியமான சேதியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நடுவில் சொன்னால் கடிதத்தைக் கிழித்துவிடுவாய். எனக்குத் தெரியாமல் சித்தியிடம் போனில் கேட்டாயே கறிவேப்பிலைச் செடி, அது வராது. சனிக்கிழமை விமானம் ஏறும் நம் லீனாவின் மகன் ரயான் இந்தக் கடிதத்தை மட்டும்தான் கொண்டுவருவான். எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல, நேற்று நான் விட்ட மூச்சில் எதிர்வீட்டுக் கொடியில் காய்ந்த லுங்கி காக்ஸ் டவுன் வரை பறந்துபோய், அங்கே ஒரு எருமைக்குப் போர்வையாக இருப்பதாகத் தகவல்.

ஏன் இத்தனை ஆத்திரம் என்பாய். போன வருஷம் நம் சர்ச்சில் அறுப்பின் பண்டிகை ஏலத்துக்கு, பாடகர் குழுவில் டெனர் குரலில் பாடும் நம் ஜாய்சன், கோயில் கூரையைப் பழுதுபார்க்கும் நிதிக்காக என்று ஒரு வேன் நிறையக் குரோட்டன்ஸ் தொட்டிகளைக் கொண்டுவந்து இறக்கினான். எந்த நாற்றுப் பண்ணையில் வாங்கினானோ, அந்த மண்ணை யாரும் கிளறிப் பார்க்கவில்லை. உன் சித்தி ஏலத்தில் தூக்கிய கையை எப்போது இறக்கியிருக்கிறாள்? இரண்டு தொட்டி நம் வீட்டுக்கு வந்தது. மண்ணுக்குள் ஜவ்வரிசி மாதிரி முட்டைகள் இருந்திருக்கின்றன. இந்த வருஷம் மழை பிடித்ததும் வெளியே வந்தார்கள் பார், ஆப்பிரிக்கப் பெருநத்தைகள்! ஒவ்வொன்றும் பழைய அம்பாசிடர் காரின் ஹெட்லைட் அளவு. ஒன்றின் முதுகில் ஏறி உட்கார்ந்தால் சிவாஜி நகர் போய்த் திரும்பிவிடலாம், ஆட்டோவைவிடச் சீக்கிரம் போகும், மீட்டருக்கு மேலே கேட்காது. பப்பாளிக் கன்றுகளை முடித்தன, சாமந்தியை முடித்தன, சித்தி பிள்ளை மாதிரி வளர்த்த சௌசௌ பந்தலை நரம்புகூட மிச்சமில்லாமல் முடித்தன. அதோடு விட்டதா? கிறிஸ்துமஸுக்கென்று காம்பவுண்டுச் சுவருக்கு அடித்த சுண்ணாம்பையும் சுரண்டித் தின்றன. முதுகு ஓடு கெட்டிப்பட அதற்குச் சுண்ணாம்பு வேண்டுமாம். வாடகை தராத குடித்தனக்காரர்களைப் பார்த்திருக்கிறேன், வீட்டையே கடித்துத் தின்னும் குடித்தனக்காரரை இப்போதுதான் பார்க்கிறேன். நானும் சும்மா இருக்கவில்லை, தளபதி மாதிரி ஒரு மூட்டைக் கல்லுப்பைப் பாத்தியெங்கும் இறைத்தேன். பத்து நத்தை செத்தது, தப்பியிருந்த அவரைச் செடியும் சேர்ந்து செத்தது, அதற்கு உன் சித்தி நடத்திய விசாரணையை வேறொரு கடிதத்தில்தான் எழுத முடியும். மாடியில் குடியிருக்கும் மமதா விவசாயக் கல்லூரியில் பாடம் நடத்துகிறவள், அவள் ஓடிவந்து, பேடா, வேண்டாம் அங்கிள், வெறும் கையில தொடவே தொடாதீங்க, மூளையைப் பிடிக்கிற புழு இதுல இருக்கலாம் என்று கத்திவிட்டுப் போனாள். அன்றுமுதல் கையில் பால் கவரை மாட்டிக்கொண்டு பொறுக்குகிறேன், உப்புக் கரைசல் வாளியில் போடுகிறேன், விடிந்தால் அதே அளவுக்குப் புதுசு.

இது நம் வீட்டுக் கதை மட்டும் இல்லை மகளே. ஏலத்தில் தொட்டி எடுத்த வீடெல்லாம் இதே புலம்பல். இந்த நத்தையை முதன்முதலில் ஒரு துரை மொரீஷியஸிலிருந்து கல்கத்தாவுக்குக் கொண்டுவந்து ஒரு தோட்டத்தில் விட்டாராம். நூற்றி எழுபது வருஷத்துக்கு மேல் ஆகிறது, அந்த மனுஷனின் ஒரு பிற்பகல் விளையாட்டுக்கு இன்றைக்கு நான் குனிந்து நிமிர்கிறேன், இடுப்பு பிடித்துக்கொள்கிறது. பூ அழகாக இருக்கிறது என்று கொண்டுவந்த ஆகாயத் தாமரை நம் ஏரிகளை மூடிவிட்டது, கோதுமையோடு வந்தது என்று சொல்லும் பார்த்தீனியம் காலி மனையெல்லாம் பிடித்து ஊரையே தும்மவைக்கிறது. உங்கள் ஊரில் கரும்பு வண்டைத் தின்னட்டும் என்று தேரையைக் கொண்டுவந்து விட்டார்களே, அது வண்டை விட்டுவிட்டு மற்றதையெல்லாம் தின்றதாமே! எங்கே பார்த்தாலும் யாரோ ஒருவர் ஆசை ஆசையாகக் கொண்டுவந்ததுதான். கொண்டுவந்தவருக்கு ஒன்றும் இல்லை, தண்டனை மட்டும் விவசாயிக்கு.

நேற்று மாலை பண்டிகைக் கமிட்டியில் ஜாய்சன் எழுந்து இந்த வருஷமும் தொட்டி தருகிறேன் என்றானே பார்க்கலாம். நான் நாற்காலி மேல் ஏறாத குறைதான். மண்ணோடு ஒரு தொட்டி இந்த வளாகத்துக்குள் வந்தால் நான் வாசலில் படுத்துக்கொள்வேன், என்மேல் வேனை ஏற்றிக்கொண்டு போங்கள் என்றேன். அவன் முகம் சுருங்கிப்போய், இன்னா அங்கிள், நல்ல மனசோட குடுத்ததுக்கு என்னைத் திருடன் ரேஞ்சுக்குப் பேசுறீங்களே என்றான். நல்ல மனசை வீட்டில் வைத்துக்கொள், மண்ணைக் கிளறிப் பார்த்துவிட்டுக் கொடு என்றேன். பாஸ்டர் ஐயா இருமினார். தொட்டி வேண்டாம், காய்கனியும் கேக்கும் போதும் என்று தீர்மானம் ஆயிற்று. ஜாய்சன் என்னோடு பேச்சை விட்டுவிட்டான். போகட்டும்.

வென்ற ராஜாவாக வீட்டுக்கு வருகிறேன், சமையலறை மேசையில் என்ன பார்க்கிறேன்? ஒரு முழக் கறிவேப்பிலைச் செடி, வேரில் ஈர நியூஸ்பேப்பர், அதன்மேல் என் நல்ல சாக்ஸ், பக்கத்தில் ரயானுக்குக் கட்டிவைத்த முறுக்கு டப்பா. ஜாய்சனை மழை தொடங்கியதிலிருந்து சபித்த அதே டோரதி! பிள்ளை அங்க கறிவேப்பிலை இல்லாம ரசம் வைக்குது, உங்களுக்கு ரத்தம் கொதிக்கலையா, ஒரே ஒரு செடி, யாருக்குத் தெரியப்போவுது என்றாள். எனக்கும் ஒரு நிமிஷம் மனசு இளகிற்று, மறைக்கவில்லை. அந்த நேரம் பார்த்து மமதா தயிருக்கு உறை கேட்டு வந்தாள். செடியைப் பார்த்தவள் நுனித் தளிரைத் திருப்பிக் காட்டினாள். என் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துவிட்டுப் பார்த்தேன். எள்ளைவிடச் சின்னப் பூச்சிகள், பின்பக்கத்தைத் தூக்கிக்கொண்டு வரிசையாக உட்கார்ந்திருந்தன, பக்கத்தில் குஞ்சுகள், வெள்ளை மெழுகு நூல் விட்டுக்கொண்டு. இந்தப் பூச்சி கறிவேப்பிலையிலும் எலுமிச்சை, ஆரஞ்சிலும் வாழுமாம். ஆரஞ்சு மரத்தைப் பட்டுப்போகவைக்கும் நோயைச் சுமப்பதே இதுதானாம், நோய் பிடித்தால் மருந்து கிடையாது, மரத்தை வெட்டுவதுதான் வழியாம். அமெரிக்காவில் ஃப்ளோரிடா தோப்புகளைக் கேளுங்க ஆண்ட்டி, உங்க பொண்ணு ஊர்ல இன்னும் அது நுழையலை என்றாள்.  உன் சித்தி சாக்ஸை உருவி என் கையில் கொடுத்தாள்.

மகளே, உன்மேல்தான் எனக்கு ஆத்திரம். போன ஈஸ்டருக்கு உன்னை மேசையில் உட்காரவைத்து விருந்து போட்ட அந்தத் தோப்புக்காரக் குடும்பத்தின் படத்தை அனுப்பினாயே, அந்தக் கிழவர் நட்ட மரங்களுக்கு நடுவிலா இதைக் கொண்டுபோய் வைக்கப் பார்த்தாய்? நீ ஆஸ்பத்திரியில் வேலை செய்கிறவள், தொற்று என்றால் என்னவென்று என்னைவிட உனக்குத் தெரியும். ரசம் என்றவுடன் அந்தப் படிப்பெல்லாம் எங்கே போயிற்று? அந்த நாட்டிலேயே வளர்த்த கறிவேப்பிலை நாற்று கடையில் கிடைக்கிறதாம், மமதா சொன்னாள். விலை கேட்டு மயக்கம் வந்தால் தண்ணீர் குடித்துவிட்டு வாங்கு, பாதி நான் அனுப்புகிறேன். அதுவரை கொத்தமல்லி போட்டு ரசம் வை, யாரும் செத்துப்போக மாட்டார்கள்.

கர்த்தர் உன்னையும் மாப்பிள்ளையையும் உன் வாசலையும் அந்த ஆரஞ்சு மரங்களையும் ஆசீர்வதித்துக் காப்பாராக. குளிரில் காதை மூடிக்கொள், இரவு வேலை முடிந்து தனியாகக் கார் ஓட்டிவராதே. கடைசியாக ஒன்று. ரயானின் பெட்டியை நானே இரண்டு தடவை உதறிப் பார்த்தேன், முறுக்கு டப்பாவைத் தட்டிக்கூடப் பார்த்தேன். ஆனால் உன் சித்தி இன்று காலையிலிருந்து அளவுக்கு மீறி அமைதியாக இருக்கிறாள், பாட்டுகூட முணுமுணுக்கிறாள். ஆகவே விமான நிலையத்தில் அதிகாரி கேட்பதற்கு முன்பே பெட்டியைத் திறந்து காட்டிவிடு என்று ரயானிடம் சத்தியம் வாங்கியிருக்கிறேன். அதையும் தாண்டி எது உன் கைக்கு வந்தாலும் மண்ணில் வைக்காதே. அங்கே விவசாய அதிகாரியிடம் கொடுத்துவிட்டு, சித்தியிடம் நன்றாகத் துளிர்விட்டது என்று மட்டும் சொல்லிவிடு. அந்தப் பொய்யின் பாவம் என் கணக்கில் இருக்கட்டும்.

கோபம் ஆறாத, ஆனாலும் உன்னை முத்தமிடும்,
சித்தப்பா ஓஸ்வால்ட்
ரிச்சர்ட்ஸ் டவுன் நத்தை ஒழிப்புப் படையின் தளபதியும் ஒரே சிப்பாயும்