பச்சையம்மாளின் கேஸ் கட்டு

திருவண்ணாமலை
12.8.1983

அன்பு மகன் அய்யூபுக்கு அம்மா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ் கிருபையால் இங்கே எல்லோரும் சுகம், குவைத் வெயிலில் உன் உடம்பு கெடாமல் இருக்க ஒவ்வொரு தொழுகையிலும் துஆ கேட்கிறேன். சுகம் என்று எழுதினேனே தவிர ஒரு வாரமாக எனக்கு வயிறு எரிகிறது.

நம் கடலை எண்ணெய் மில் கம்பெனியை வாங்க மெட்ராஸ் பார்ட்டி வந்தது உனக்குத் தெரியும். வாங்குவதற்கு முன் எல்லாக் காகிதத்தையும் பார்க்க வேண்டும் என்றார் அவர்களுடைய வக்கீல், மூலப்பத்திரம், லைசென்ஸ், வரி ரசீது, கோர்ட்டில் நிற்கும் கேஸ் எல்லாமே. உன் அத்தா மவுத்தான பிறகு நானும் ஒரு டைரக்டர் ஆயிற்றே, பீரோவையும் டிரங்குப் பெட்டியையும் கூடத்தில் கொட்டி, கரையான் அரித்ததைத் தனியாக ஒதுக்கி, விஷயவாரியாகக் கட்டி வைத்தேன், முதுகு விட்டுப்போயிற்று. பார்க்க வந்த உன் சாச்சா பக்ருதீன், கடலை உடைக்கிற மெஷினில் பச்சையம்மாளுக்குக் கை போனதே, அந்த நஷ்டஈட்டு கேஸ் கட்டை மட்டும் உருவித் தன் பையில் போட்டுக்கொண்டார். “இதப் பாத்தா பார்ட்டி ஓடிடுவான் அண்ணி, வித்துட்டா அப்புறம் அது அவன் தலைவலி”ன்னு சிரிக்கிறார், உன் அத்தா கூடப் பிறந்தவர்! “கை போனது நம்ம மெஷின்லதான, கட்டக் கீழ வைங்க, இல்லன்னா ஒரு காகிதத்துலயும் கையெழுத்து போட மாட்டேன்”னு சொல்லிவிட்டேன். அதற்கு அவர் எடுத்து நீட்டியது உன் கடிதத்தை. அம்மாவுக்கு ஒன்றும் தெரியாது, நீங்கள் காட்டுகிற இடத்தில் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள் என்று எழுதியிருக்கிறாய். உனக்கு அம்மை வார்த்தபோது தினமும் வேப்பிலை ஒடித்துக்கொண்டு வந்து கொடுத்தவளப்பா பச்சையம்மாள். அவளை மறைத்து விற்கவா உன்னைப் படிக்க வைத்தேன்?

கட்டை வாங்கி நானே வக்கீல் கையில் கொடுத்தேன். மெஷின் பெல்ட்டுக்கு மறைப்பு போடவில்லையா என்று கேட்டார், இல்லை என்று உள்ளதைச் சொன்னேன். பார்ட்டி ஓடவில்லை. அவளுக்குச் சேர வேண்டியதை நாம் தீர்த்த பிறகுதான் விற்பனைப் பத்திரம் என்று ஒப்பந்தத்தில் எழுதிவிட்டார்கள். அதிலிருந்து சாச்சா இந்தப் பக்கம் வருவதில்லை. உன் தங்கை ரஹமத்தின் நிக்காஹ்வுக்கும் வரமாட்டாராம், வராவிட்டால் பிரியாணி மிச்சம்.

வேளைக்குச் சாப்பிடு, டிரைவர் வேலையில் கண்விழிக்காதே. பங்குதாரர் என்று உனக்கும் காகிதம் வரும், சாச்சாவைக் கேட்காதே, முழுசாகப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடு. அல்லாஹ் உனக்கு நீண்ட ஆயுளையும் நல்ல புத்தியையும் தரட்டும். பச்சையம்மாளுக்கு நாலு வரி எழுதி உன் பதிலோடு அனுப்பு, அவளுக்குப் படிக்கத் தெரியாது, நான் போய்ப் படித்துக் காட்டுகிறேன்.

உன் அம்மா,
அஜ்மத் பேகம்