உப்பளத்து மணமகளுக்கு ஒரு விசில்

நாந்த்,
20 பிப்ரவரி 1951

அன்புத் தம்பி லெயோன்சுக்கு,

நலம். முழங்கால் மட்டும் மழை வருவதை எனக்கு முன்கூட்டியே சொல்லிவிடுகிறது. உன் மனைவி அனுப்பிய மேப்பிள் பாகு வந்தது. நன்றாயிருந்தது, நம் வெண்ணெய் அளவுக்கு இல்லை. மோன்ரியால் பனியில் காதை மூடிக்கொண்டு நட.

ஒரு செய்தி. ‘உப்பளத்து மணமகள்’ ஏப்ரல் பதினான்காம் தேதி நம் துறைமுக அரங்கில் மீண்டும் மேடையேறுகிறது. 1909இல் இரண்டு இரவுகள், 1926இல் ரென் நகரப் பள்ளி மண்டபத்தில் திரைச்சீலை இல்லாமல் ஒரு பிற்பகல். அந்த ஓபராவுக்கு வாய்த்தது அவ்வளவுதான். அதை எழுதிய கெர்வெல்லா அந்தப் பிற்பகலைக்கூடக் கேட்காமல் போய்ச்சேர்ந்தார்.

நிகழ்ச்சித்தாளின் அச்சுப்படியைக் காட்டினார்கள். மூன்றாம் அங்கம் பலவீனமானதால் தோற்றதாம். அந்தக் குறிப்பை எழுதியவனுக்குக் காது இருக்கிறதா என்று கேட்டேன். மாதா கோயில் ஆர்கன்காரர் தூக்கியெறிந்த புத்தகத்தை வைத்து நானே இசைக்குறிப்பு படிக்கக் கற்றேன். இந்த ஓபராவின் குறிப்பை ஏழு முறை படித்துவிட்டேன். இரண்டாம் அங்கத்தில் மணமகன் விசிலடித்து அவளைக் கூப்பிடுகிறான். அவன் கடலில் போனபின், மூன்றாம் அங்கத்தில், அவள் தனியாக அதே மெட்டைப் பாடுகிறாள். முதல் இரவு அந்த நேரத்தில் அரங்கமே சிரித்துக்கொண்டிருந்தது. யார் கேட்டார்கள்?

இயக்குநர் வியோலேன் என்ற பெண். விசிலுக்குப் பதில் புல்லாங்குழல் வைக்கப் பார்த்தாள். மேடைக்கு மேலே நின்று சீலைக் கயிறு இழுப்பவர்கள் இன்றைக்கும் என்னைப்போல் பழைய கப்பல்காரர்கள்தான், “மேடையில விசிலா? அந்தப் பீடைய மறுபடி கொண்டாராதீங்கம்மா” என்கிறார்கள். புல்லாங்குழல் ஊதினால் மூன்றாம் அங்கம் செத்தது. எனவே நேற்று அவர்கள் எல்லோரையும் கூட்டி வைத்துப் பேசினேன்.

1909இல், முதல் இரவன்று பிற்பகல், நான் கயிறு பிடிக்கும் மேல்தட்டுக்கு நீ ஏணியில் மூச்சுவாங்க ஏறி வந்தாய். “அண்ணா, இன்னிக்கு மணமகன் கூப்பிடற இடத்துல நான் விசிலடிப்பேன். அது பாட்டு. கயித்த விட்டுடாத” என்றாய். “போடா, எனக்குச் சொல்லிக்குடுக்க வந்துட்டான்” என்றேன். கப்பலில் விசில் என்றால் கயிற்றை விடு என்று பழகிய கை, இரவு விசில் கேட்டதும் தானாகக் கயிற்றை விட்டது. கடல் வரைந்த சீலை மணமகளின் தலையில் விழுந்தது. மறுநாள் சனங்கள் இருக்கையிலிருந்தே கேலியாக விசிலடித்தார்கள். மேலாளர் விசாரித்தபோது, நீ என்னிடம் முன்கூட்டி எதுவும் சொல்லவில்லை என்று பொய் சொன்னேன். உன்னைத்தான் துரத்தினார்கள். நீ மறுத்துப் பேசவில்லை. நாற்பத்திரண்டு புத்தாண்டு அட்டைகளிலும் அதைப்பற்றி ஒரு வரி எழுதவில்லை.

இதையெல்லாம் நேற்று சொன்னேன். நிகழ்ச்சித்தாளில் இதைப் போடு என்று வியோலேனிடமும் சொன்னேன். கயிற்றுக்காரர்களில் மூத்தவன், “அப்ப பாட்டுல குத்தமில்ல, உம்ம கையிலதான் குத்தம்னு சொல்லும் பெரியவரே” என்றான். ஆமாம் என்றேன். விசிலுக்குச் சம்மதித்துவிட்டார்கள். அந்த இடத்தில் கயிறுகளை முடிச்சுப் போட்டுக் கட்டிவிடுவார்களாம்.

ஆனால் இப்போதைய பாடகனுக்கு விசில் வரவில்லை, காற்றுதான் வருகிறது. திரைக்குப் பின்னால் நின்று அடிக்க ஒருவர் வேண்டும். என் தம்பி இருக்கிறான் என்று சொல்லிவிட்டேன். உன்னைக் கேட்காமல் சொன்னது தப்புதான். பல் எத்தனை மிச்சம் என்று எழுது. அம்மாவின் கட்டிலில் புது மெத்தை போட்டிருக்கிறேன்.

மேரி மாதா உன்னையும் உன் வீட்டாரையும் காக்கட்டும். கப்பல் ஏறு, தம்பி. நீ விசிலடிக்கும்போது நான் உன் பக்கத்தில்தான் நிற்பேன், இரண்டு கைகளையும் சட்டைப்பைக்குள் விட்டுக்கொண்டு.

உன் அண்ணன்,
எர்வான்