சுவருக்கும் சேர்த்து விலை கேள்

அம்முலு,

நீ அசந்து தூங்குகிறாய், எழுப்பவில்லை. பெருநகர் கிராமத்தில் கிணறு தூர் எடுக்கப் போகிறேன். கூழ் சட்டியில் மூடியிருக்கிறது, எனக்கென்று மிச்சம் வைக்காதே.

இன்றைக்கு அந்த மர வியாபாரி வண்டியோடு வருவார். ஏரி வறண்டதிலிருந்து நம் தெருவில் பாதிப் பேர் வீட்டை விற்கிறார்கள், வாங்குகிறவர் அவர் ஒருவர்தான். போன வருடம் வேதகிரி அண்ணன் வீட்டை மனையோடு, சுவரோடு விலை பேசினார்கள். இப்போது கதவு, கூரையின் பனங்கை மரம், ஓடு, இதற்கு மட்டும்தான் விலையாம். நான் கேட்டதற்கு, "மண்ணு செவுத்துக்கு இன்னாய்யா வெல?" என்று சிரித்தார்.

ராத்திரி நீயும், "நீ செவுத்தக் கட்டிக்கினு கெட, நான் பட்டணத்துக்கு எங்க அண்ணன் வூட்டுக்குப் போறேன்" என்றாய். போகவேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் அந்தச் சுவருக்கு மண் மிதித்தது நீ, எடுத்து வைத்தது நான். அந்தப் புயல் மழையில் மேலத் தெருவில் செங்கல் சுவரே சரிந்தது, நம்முடையதில் ஒரு கீறல் இல்லை. அதற்கும் சேர்த்து விலை கேள். கொடுத்தால் விற்றுவிடு, நானும் உன்னோடு வருகிறேன். இல்லையென்றால் தண்ணீர் கொடுத்து அனுப்பிவிடு.

எழுத்தில் தப்பு இருந்தால் சிரிக்காதே, சொல்லிக் கொடுத்தவள் நீதான்.

சின்னப்பையன்

இன்னொன்று. அவர் சொன்ன விலைக்கே நீ கொடுத்துவிட்டாலும் எனக்குக் கோபம் இல்லை. சாயங்காலம் வந்து, கதவு இருந்தால் தட்டுகிறேன். இல்லாவிட்டால் வெளியே நின்று உன் பேரைச் சொல்லிக் கூப்பிடுகிறேன்.